புது ஸ்போர்ட்ஸ் கார்: முதல் மாதத்துச் சந்தேகங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புதிதாக ஸ்போர்ட்ஸ் கார் எடுத்தவர்களுடையவை. அதிலும் பி.எம்.டபிள்யூ. எம்2 எடுத்தவர்கள்தான் அதிகம். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

எம்2 எடுத்து இரண்டு வாரம் ஆகிறது. இன்ஜின் பிரமாதம், ஸ்டியரிங்கும் அப்படியே. ஆனால் நல்ல ரோட்டில்கூடத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. கம்ஃபர்ட் மோடுக்கும் ஸ்போர்ட் மோடுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. "ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான் சார், பழகிடும்" என்கிறார் சேல்ஸ்மேன். பழகிவிடுமா? – வாசகர், கோவை

பழக வேண்டியதில்லை. மோடு மாற்றியும் வித்தியாசம் தெரியவில்லை என்கிறீர்களே, கவனிக்க வேண்டியது அதைத்தான்.

முதலில் டயரில் காற்றை அளந்து பாருங்கள். எம்2 மெக்சிகோவில் சான் லூயிஸ் பொடோசி ஆலையில் தயாராகி, முழு வண்டியாகக் கப்பலில் வருகிறது. வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் டயரின் அடிப்பக்கம் தட்டையாகிவிடும் என்பதால், இப்படிக் கப்பலேறும் வண்டிகளுக்குக் காற்றை அளவுக்கு மேல் அடித்து அனுப்புவார்கள். 45, 50 பி.எஸ்.ஐ. இருந்தாலும் ஆச்சரியமில்லை. அதைச் சரியான அளவுக்கு இறக்கி டெலிவரி கொடுப்பது டீலர் வேலை. சரியான அளவு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். பங்க் வரை ஓட்டிப் போய் அளந்தால் கணக்குத் தப்பும்.

அடுத்து, சஸ்பென்ஷன் சுருள்கள். வண்டியைக் கட்டி ஏற்றும்போது அது மேலும் கீழும் ஆடாமல் இருக்க, சுருளின் வளையங்களுக்கு நடுவே கட்டைகளைச் செருகி அனுப்புவது உண்டு. டெலிவரிக்கு முந்தைய சோதனையில் அவற்றைக் கழற்ற வேண்டும். கழற்றாமல் விட்டால் சுருள் அமுங்கவே அமுங்காது. டேம்பரை (ஷாக் அப்சார்பரை) எந்த மோடில் வைத்தாலும் ஒன்றுதான். வண்டியை ராம்பில் ஏற்றச் சொல்லி, டார்ச் அடித்து நாலு சுருளையும் நீங்களே பாருங்கள். பத்து நிமிட வேலை. கட்டை இருந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு, கழற்றியதை ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். சோதனைத் தாளில் பார்க்காமலே 'டிக்' அடித்தவர் அதில் வேறு எதையெல்லாம் பார்க்காமல் விட்டாரோ, முழுச் சோதனையையும் மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சும் கடினம் காரின் இயல்பு. பின் டயர் 285/30 ஆர்20. பக்கச்சுவரின் உயரம் எட்டரை சென்டிமீட்டர்தான்.

லிட்டருக்கு 5 கி.மீ.தான் கொடுக்கிறது. கம்பெனி மேல் புகார் செய்யலாமா? – வாசகர், சென்னை

480 குதிரைத் திறன் கொண்ட எம்2-ஐ ஓ.எம்.ஆர். சிக்னல்களில் ஓட்டினால் அவ்வளவுதான் கிடைக்கும். புகாருக்கு இதில் இடமில்லை.

எம்2-க்கு 2,000 கி.மீ.யில் ஒரு சர்வீஸ் உண்டு என்று நண்பர் சொல்கிறார். ஷோரூமில் "ஒரு வருஷம் கழிச்சு வந்தா போதும்" என்கிறார்கள். யார் சொல்வது சரி? – வாசகர், மதுரை

நண்பர் சொல்வதுதான் சரி. சாதாரண பி.எம்.டபிள்யூ.வுக்கு ஷோரூம் சொல்வது பொருந்தும், எம்2-க்குப் பொருந்தாது. புது இன்ஜினில் பிஸ்டன் வளையமும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று உரசிப் பொருந்தும்போது நுண்ணிய உலோகத் துகள் ஆயிலில் கலக்கும். பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் பற்சக்கரங்களிலும் இதே கதைதான். அதனால்தான் 2,000 கி.மீ.யில் இன்ஜின் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். இன்ஜின் ஆயிலை மட்டும் மாற்றி அனுப்பும் சர்வீஸ் சென்டர்கள் உண்டு. பில்லில் இரண்டும் தனித்தனி வரியாக இருக்கிறதா பாருங்கள்.

அதுவரை 5,500 ஆர்.பி.எம்., 170 கி.மீ. வேகம் இரண்டையும் தாண்ட வேண்டாம். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிப்பதும், நின்ற இடத்திலிருந்து அதிவேகமாகச் சீறிக் கிளம்ப வைக்கும் லான்ச் கன்ட்ரோலும் கூடாது. அதற்காக ஹைவேயில் க்ரூஸ் கன்ட்ரோல் போட்டு ஒரே வேகத்தில் 2,000 கி.மீ. ஓட்டித் தள்ளினாலும் பலனில்லை. வேகமும் பாரமும் மாறி மாறி இருக்க வேண்டும். வளைவும் ஏற்றமும் உள்ள சாலைதான் இதற்கு நல்லது. புது டயர் முதல் 300 கி.மீ. வரை முழுப் பிடிப்புத் தராது. பிரேக் பேடும் டிஸ்க்கும் பொருந்த 500 கி.மீ. ஆகும். எடுத்த அன்றே மழையில் விரட்டிப் பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

டெலிவரி எடுத்து, நம்பர் பிளேட்டும் வந்த பிறகுதான் பார்த்தேன். பின் டயர்கள் முன் டயர்களைவிட ஒன்றரை வருடம் பழசு. டெலிவரி அன்றே ஓடோமீட்டர் 340 கி.மீ. காட்டியது. "யார்டுலேருந்து ஓட்டி வந்தது சார்" என்றார்கள். டெமோ காரை என் தலையில் கட்டிவிட்டார்களோ என்று தூக்கமே வரவில்லை. ஒரு கோடிக்கு மேல் கொடுத்திருக்கிறேன். – வாசகர், சேலம்

தவறு உங்களுடையது அல்ல. புதுசு என்று பணம் வாங்கினால் புதுசைக் கொடுப்பது விற்றவர் கடமை. நான் எடுத்த ஒரு புதுக் காரிலும் ஒரு டயர் மட்டும் பழசாக வந்து, அதை மாற்றி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதனால் உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது.

இன்றே செய்ய வேண்டியவை: நாலு டயரின் பக்கச்சுவரிலும் 'டாட்' (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கத்தைப் போட்டோ எடுங்கள். 2323 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். தேதி சில டயரில் உள்பக்கம்தான் இருக்கும், குனிந்துதான் பார்க்க வேண்டும். ஓடோமீட்டர், விற்பனைச் சான்றான ஃபாரம் 21, இன்வாய்ஸ் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபாரம் 21-இல் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். கப்பல் பயணம் இருப்பதால் தயாரித்துச் சில மாதம் கழித்துக் கைக்கு வருவது சகஜம். ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தால் கேள்வி கேட்டே ஆக வேண்டும். டீலருக்கும் கம்பெனிக்கும் இமெயிலில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். போன் பேச்சு சாட்சி ஆகாது. டயரை அவர்கள் "சும்மா மாத்தித் தர்றோம்" என்றாலும், போட்டோவும் ஒப்புதல் கடிதமும் இல்லாமல் வண்டியை விடாதீர்கள்.

பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சத்துக்கு மேல், 2 கோடிக்குள் என்பதால் உங்கள் வழக்கு சேலம் மாவட்ட ஆணையத்துக்குப் போகாது. நேரே சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்குத்தான். ஒரு கோடிக்கு மேல் என்பதால் கட்டணம் 2,500 ரூபாய். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ரிதியிலேயே தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும். முதல் கட்ட உதவிக்கு 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காரைக் கம்பெனி பெயரில் வாங்கியிருந்தால் "நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு கிளப்பும். இயக்குநரின் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய காரை, அந்த ஒரே காரணத்தால் வணிக நோக்கம் என்று தள்ள முடியாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இப்போது மற்ற எல்லோருக்கும். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை: பணத்தை முழுக்கக் கட்டி, பதிவும் முடிந்த பிறகு காரைப் பார்க்காதீர்கள். ரிப்பன் கட்டி, துணி போர்த்தி, கேக் வெட்டி, சாவியை நீட்டும் அந்த நேரத்தில் யாரும் டயரைக் குனிந்து பார்க்க மாட்டார்கள். பார்த்தாலும் பயனில்லை, ஆர்.சி. உங்கள் பெயருக்கு வந்துவிட்டால் அது உங்கள் கார். பதிவுக்கு முன்னால் குறை சொன்னால் "இது வேண்டாம், வேறு கொடு" என்று சொல்லலாம். பிறகு சொன்னால் "சரி பண்ணித் தர்றோம்" என்ற பதில்தான் வரும்.

எனவே முன்பணம் கட்டும்போதே, "வண்டியைப் பார்த்த பிறகுதான் மீதித் தொகை" என்று எழுதி வாங்குங்கள். சேசிஸ் நம்பர் ஒதுக்கியதும் யார்டுக்குப் பகல் வெளிச்சத்தில் போங்கள். நம்பரைக் கண்ணாடியிலும் பாடியிலும் தாளிலும் ஒப்பிடுங்கள். நாலு டயரின் தேதிக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கக் கூடாது. இரும்பு, அலுமினியம் இரண்டின் மேலும் பெயின்ட் தடிமனை அளக்கும் மீட்டர் ஒன்றை வாடகைக்காவது எடுத்துப் போங்கள். கம்பெனிப் பெயின்ட் ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் காட்டும். ஒரு கதவு மட்டும் 250-க்கு மேல் தாவினால் அங்கே மறுபெயின்ட் நடந்திருக்கிறது. கார்பன் கூரையில் இந்த மீட்டர் வேலை செய்யாது. முன் பம்பரின் அடி உதட்டில் விரலை ஓட்டிப் பாருங்கள். டெமோ ஓட்டிய வண்டியில் உராய்ந்த தழும்பு அங்கேதான் இருக்கும். பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் விளிம்பு தட்டுப்பட்டாலும் வண்டி ஓடியிருக்கிறது. கண்ட்ரோல் யூனிட்டுகளை (காருக்குள் இருக்கும் கணினிகளை) ஸ்கேன் செய்து அறிக்கை கேளுங்கள். கொடுக்க மறுக்கும் டீலரிடம் ஒரு கோடி ரூபாயைக் கொடுக்க வேண்டாம்.

செராமிக் கோட்டிங், இன்ஷூரன்ஸ், ஹேண்ட்லிங் சார்ஜ் மூன்றும் "பேக்கேஜ்", கழிக்க முடியாது என்கிறார்கள். – வாசகர், திருச்சி

மூன்றையும் கழிக்கலாம். இன்ஷூரன்ஸை நீங்கள் விரும்பும் இடத்தில் எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஹேண்ட்லிங் சார்ஜுக்கு என்ன அடிப்படை என்று எழுத்தில் கேளுங்கள்; பெரும்பாலும் அந்த வரி காணாமல் போகும். செராமிக் சில மைக்ரான் தடிமன்தான், கல்லடியைத் தாங்காது. நான் ஷோரூமில் போட்ட ஒன்று ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்டவில்லை. ஹைவேயில் ஓட்டுபவர் என்றால் முன்பக்கத்துக்கு மட்டும், டி.பி.யு. என்ற நெகிழும் பிளாஸ்டிக்கில், 200 மைக்ரான் அளவில் பி.பி.எஃப். (பெயின்ட்டைக் காக்கும் படலம்) ஒட்டுங்கள். பி.வி.சி. என்றால் வேண்டாம், மஞ்சளித்துவிடும்.

பில்லில் 1 சதவீதம் டி.சி.எஸ். பிடித்திருக்கிறார்கள். டீலர் பாக்கெட்டுக்கா? – வாசகர், ஈரோடு

இல்லை. அது விற்பவர் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி. 10 லட்சத்துக்கு மேற்பட்ட எந்தக் காருக்கும் உண்டு. உங்கள் பான் எண்ணில் வரவாகிறதா என்று பார்த்து, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு கோடிக்கு ஒரு லட்சம், மறந்துவிடாதீர்கள்.

ஊட்டியில் காலையில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுத்தால் முன் சக்கரம் 'டக் டக்' என்று குதிக்கிறது. ஏதோ உடைந்துவிட்டதா? – வாசகர், குன்னூர்

உடையவில்லை. முழு ஒடிப்பில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வேறு வேறு வட்டத்தில் உருள வேண்டும். வேகமான வளைவுக்காக அமைத்த ஸ்டியரிங்கில் அந்தக் கோண வித்தியாசம் குறைவு. அதனால் ஒரு டயர் பக்கவாட்டில் இழுபடும். கோடைக்கால டயரின் ரப்பர் குளிரில் இறுகியிருப்பதால் வழுக்கிப் போகாமல் பிடித்துப் பிடித்து விடுகிறது. அகலமான டயர் போட்ட போர்ஷே, ஏ.எம்.ஜி. கார்களிலும் இது உண்டு. கால் சுற்று குறைத்து ஒடித்தால் நிற்கும். டயர் சூடான பிறகும், சமவெளிக்கு இறங்கிய பிறகும் சத்தம் தொடர்ந்தால் மட்டும் காட்டுங்கள்.

ஆயிரம் கி.மீ. ஓடிய வண்டிக்கு ரீமேப் செய்து, அதாவது இன்ஜின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டப் போகிறேன். சர்வீஸ் போகும்போது பழையபடி மாற்றிவிட்டால் டீலருக்குத் தெரியாது என்கிறார் டியூனர். – வாசகர், சென்னை

தெரியும். மென்பொருள் எத்தனை முறை மாற்றி எழுதப்பட்டது என்ற பதிவு கண்ட்ரோல் யூனிட்டிலேயே தங்கிவிடும். வாரண்டி போன பிறகு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

வரியை மிச்சப்படுத்த, சொந்தக்காரர் முகவரியில் புதுச்சேரியில் பதியலாமா? – வாசகர், விழுப்புரம்

நீங்கள் அங்கே குடியிருக்கவில்லையே. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம், கனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தே ஆக வேண்டும். பொய் முகவரி கொடுத்தது தனிக் குற்றம். 2017-இல் கேரளத்தில் சினிமா நட்சத்திரங்கள் மேலேயே இதற்காக வழக்குப் பாய்ந்தது. வரியைக் கட்ட முடியாதென்றால் விலை குறைந்த காரைப் பாருங்கள்.

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு நாள் ஓட்ட ஆசை. இன்ஷூரன்ஸ் கவர் ஆகுமா? என்ன தயாரிப்பு வேண்டும்? – வாசகர், காஞ்சிபுரம்

ஆகாது. பந்தயம், வேகச் சோதனை இரண்டுமே சாதாரண பாலிசியில் விலக்கப்பட்டவை. தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப் பாலிசி வைத்திருந்தாலும் அப்படித்தான். சுவரில் மோதினால் முழுச் செலவும் உங்களுடையது. அதைத் தாங்க முடியும் என்றால் மட்டும் போங்கள். 2,000 கி.மீ. சர்வீஸ் முடிந்திருக்க வேண்டும்.

பிரேக் ஆயில் ஒரு வருடத்துக்கு மேல் பழசென்றால் மாற்றுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கும். சூட்டில் ஆவிக்குமிழ் வந்து பெடல் பஞ்சாகத் தரைவரை போகும். பேடில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். வீல் போல்ட்டை டார்க் ரெஞ்சில் 140 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கிச் சரிபாருங்கள். 3.7 கி.மீ. சுற்றில் நாலைந்து வேகச் சுற்று போதும், பிறகு பிரேக்கைத் தொடாமல் ஒரு மெதுவான சுற்று. உள்ளே வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கியரை 'பார்க்' நிலையில் வைத்து சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சூடேறிய டயரில் காற்று ஏறியிருக்கும், அளந்து இறக்குங்கள். வீட்டுக்குக் கிளம்புமுன், குளிர்ந்த பிறகு, மறுபடி நிரப்புங்கள்.

ஸ்டெப்னி இல்லாமல் திருச்சி ரோட்டில் பஞ்சரானால்? – வாசகர், திண்டுக்கல்

டிக்கியில் உள்ள சீலன்ட் பாட்டில் சிறு ஆணித் துளையை அடைக்கும். அதன் பிறகு மணிக்கு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. பக்கச்சுவர் கிழிந்தால் எதுவும் உதவாது. பாட்டிலின் காலாவதித் தேதியை இன்றே பாருங்கள். கூடவே ஒரு பிளக் கிட் வைத்துக்கொள்ளுங்கள். இழுவை லாரி வந்தால், முழு வண்டியையும் மேலே ஏற்றிப் போகும் பிளாட்பெட் மட்டும். பின் சக்கரம் தரையில் உருள இழுத்துப் போக விடாதீர்கள், கியர்பாக்ஸ் கெடும். இழுவைக் கொக்கி டூல் பையில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.