பெரிய கூலர் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: பழைய ஐ3-8100 பிராசசரையும் நான்கு ஹார்டு டிஸ்க்குகளையும் வைத்து வீட்டிலேயே ஒரு சேமிப்பு சர்வர் பூட்டியிருக்கிறேன். சேமிப்பு சர்வர்களுக்கான இயங்குதளமான ட்ரூநாஸ் ஓடுகிறது. சும்மா இருக்கும்போது பிராசசர் சூடு 52 டிகிரி காட்டுகிறது. வீடியோ மாற்றும்போது 76 வரை ஏறுகிறது. கடைக்காரர் 4,000 ரூபாய்க்குப் பிராசசர் மேல் பெரிய கூலர் மாட்டச் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். அந்தப் பிராசசருக்கு இன்டெல் வகுத்திருக்கும் எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் கணினி அணைந்துவிடும். சித்திரை வெயிலில் அறையே 36 டிகிரியில் இருக்கும் ஊரில் 76 பதற வேண்டிய எண் அல்ல. மேலும், உள்ளே இருக்கும் சென்சார் அந்த எல்லைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்றுதான் அளக்கிறது. எல்லையை நெருங்க நெருங்கக் கணக்குச் சரியாக இருக்கும். கீழே வரவர உத்தேசம்தான். 52-ஆ, 48-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

என் கவலை உங்கள் டிஸ்க்குகள். அவற்றின் சூட்டைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை! பல மதர்போர்டுகளில் கேபினட் ஃபேன்கள் பிராசசர் சூட்டைப் பார்த்தே வேகம் கூட்டிக் குறைக்கும். பெரிய கூலர் வந்தால் பிராசசர் குளிரும், அதைப் பார்த்து ஃபேன்கள் மெதுவாகும், நடுவில் டிஸ்க்குகள் வெந்துகொண்டிருக்கும். 4,000 ரூபாய் கொடுத்து இதை வாங்குவானேன்?

ட்ரூநாஸில் கட்டளை தட்டும் ஷெல் திரையில், டிஸ்க்கின் நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கட்டளை கொடுத்து, வரும் பட்டியலில் 194 என்ற எண்ணுள்ள வரியைப் பாருங்கள். அதுதான் டிஸ்க்கின் சூடு. 45-க்கு மேலேயே நிற்கிறது என்றால் டிஸ்க் அடுக்குக்கு நேர் முன்னால் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றைப் பொருத்தி, பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) அதை மட்டும் மாறாத வேகத்தில் ஓடவிடுங்கள். இதற்குச் செலவழிப்பது நியாயம்.

 

சும்மா இருக்கும்போதே 52 என்பது மட்டும் கொஞ்சம் கூடுதல்தான். இன்டெல் கூடவே தரும் கூலர் என்றால் அதன் நான்கு பிளாஸ்டிக் பின்களையும் அழுத்திப் பாருங்கள். ஒன்று சரியாக இறங்காமல் நிற்பது சகஜம். பின்கள் சரியாக இருந்தால் தூசியைத் தட்டிவிட்டு, பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் காய்ந்த பேஸ்டைத் துடைத்துப் புதிதாகப் பட்டாணியளவு வையுங்கள். சிறிய டியூபே போதும். கடைக்காரர் பெரியதைத்தான் எடுத்து நீட்டுவார்.