ரத்த ஸ்மியர் பார்ப்பதில் லேப் டெக்னீசியன்களின் திறனை எப்படிச் சோதிப்பது, எப்படி வளர்ப்பது?

ஸ்மியர், அதாவது கண்ணாடி ஸ்லைடில் மெல்லியதாக இழுத்துச் சாயமிட்ட ரத்தத்துளியை, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதும் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும்தான் பல ஆண்டுகளாக என் வேலை. படத்தைக் காட்டி "இது என்ன செல்?" என்று கேட்பது தேர்வே அல்ல என்பேன். படத்தில் செல் நடுவில் வந்து நிற்கிறது; ஸ்லைடில் நாம்தான் தேடிப் போக வேண்டும். பெயர் சொல்லத் தெரிந்தும் தேடத் தெரியாதவர்களே அதிகம் தவறவிடுகிறார்கள்.

ஒரு டெங்கு பருவத்தில், குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு வந்தவருக்கு மெஷின் தட்டணு 32,000 என்று காட்டியது. புதிதாகச் சேர்ந்த பெண் ஸ்மியரைப் பார்த்துக் குறைவுதான் என்று எழுதிவிட்டார். காய்ச்சலே இல்லாதவருக்கு இவ்வளவு குறைவா என்று எனக்கு உறுத்தியது. ஸ்லைடை வாங்கி, ஸ்மியர் மெலிந்து முடியும் வால்முனைக்கு நகர்த்தினேன். அங்கே தட்டணுக்கள் கொத்துக்கொத்தாக ஒட்டிக் கிடந்தன. ரத்தம் உறையாமலிருக்க இடிடிஏ என்ற மருந்து சேர்த்த வழக்கமான குழாயில் சிலருடைய தட்டணுக்கள் இப்படித்தான் திரளும். மெஷின் அந்தக் கொத்துகளைச் சரியாக எண்ணாது. சிட்ரேட் திரவம் உள்ள குழாயில் மறுபடி எடுத்து, அந்தத் திரவம் ரத்தத்தை நீர்க்கச் செய்வதை ஈடுகட்ட 1.1ஆல் பெருக்கியபோது எண்ணிக்கை இயல்பாகவே இருந்தது. அந்தப் பெண் சீராகப் பரவிய நடுப்பகுதியை மட்டும் பார்த்திருந்தார். அப்படித்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம்.

அதனால் இப்போது, விடை தெரிந்த ஸ்லைடுகளைச் சாதாரண எண் போட்டு அன்றாட வேலையோடு கலந்துவிடுகிறேன். ஒன்றிரண்டு ஃபால்சிபாரம் வளையங்கள் (சிவப்பணுவுக்குள் வளையம்போலத் தெரியும் மலேரியா ஒட்டுண்ணி), சில பிளாஸ்ட் செல்கள் (ரத்தப் புற்றுநோயில் தென்படும் முதிராத செல்கள்), உடைந்த சிவப்பணுக்கள் உள்ளவை. எந்தக் குறையும் இல்லாதவையும் இருக்கும். இல்லாததை இருப்பதாக எழுதுவதும் தவறுதானே. சில வாரங்கள் கழித்து அதே ஸ்லைடு அதே ஆளிடம் மீண்டும் போகும்.

மதிப்பெண் போடும்போது நியாயமாக இருங்கள். நூற்றில் ஒன்றாக இருக்கும் செல்லை, 100 செல் எண்ணும் ஒருவர் காணாமலே போக 37 சதவீத வாய்ப்பு உண்டு. 200 எண்ணினால் அது 13 ஆகக் குறையும். அது கவனக்குறைவு அல்ல, கணக்கு. மலேரியா பார்ப்பவர்களுக்கான தகுதிகளில் மிக உயர்ந்ததான முதல் நிலைக்கு உலக சுகாதார நிறுவனமே ஒட்டுண்ணியைக் கண்டறிவதிலும் இனம் பிரிப்பதிலும் 90 சதவீதம் கேட்கிறது. ஒட்டுண்ணிகளை எண்ணுவதிலோ, பாதி ஸ்லைடுகளில் சரியான அளவுக்கு 25 சதவீதத்துக்குள் வந்தால் போதும் என்கிறது.

திறன் வளர்வது இருவர் பார்க்கும் மைக்ரோஸ்கோப்பில்தான். தவறவிட்ட செல்லை நான் காட்டுவதில்லை. "இந்த ஸ்லைடில் ஒன்று இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் எந்த வழியில் ஸ்லைடை நகர்த்துகிறார், எங்கே அவசரப்படுகிறார் என்று கவனிப்பேன். ஸ்மியர் இழுப்பதையும் சாயமிடுவதையும் அவரே செய்ய வேண்டும். சாயத்தோடு சேர்க்கும் பஃபர் திரவத்தின் பிஹெச் (அமில-காரத் தன்மை) பிசகினால் வளையத்தின் சிவப்புப் புள்ளி தெரியாது. அதற்குக் கண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை.

அரிதான ஸ்லைடு எது வந்தாலும் எறியாமல், எண்ணெயைத் துடைத்து, கவர்ஸ்லிப் ஒட்டிப் பெட்டியில் வையுங்கள். தட்டணுக் கொத்துகளைத் தவறவிட்ட அந்தப் பெண்ணிடம் போன மாதம் அப்படி ஒரு பழைய ஸ்லைடைக் கொடுத்து, ஃபால்சிபாரம் வளையங்களைத் தேடச் சொன்னேன். முதலில் வால்முனைக்குப் போய்விட்டுத்தான் நடுவுக்கு வந்தார்.