சீனச் சொற்களை மனப்பாடம் செய்ய நினைவு உத்திகள் உண்மையிலேயே உதவுமா?

உதவும். ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனியாகக் கதை கட்டினால் நூறைத் தாண்டுவதற்குள் குழம்பிவிடும். சீன எழுத்துகளில் பெரும்பாலானவை பொருளைக் காட்டும் ஓர் உறுப்பும் ஒலியைக் காட்டும் ஓர் உறுப்பும் சேர்ந்தவை, அதனால் குடும்பம் குடும்பமாகப் பிடியுங்கள். 'ச்சிங்' என்ற ஒலி உறுப்போடு நீர் சேர்ந்தால் தெளிவு, சூரியன் சேர்ந்தால் மேகமில்லாத வானிலை, பேச்சு சேர்ந்தால் 'தயவுசெய்து'. சரி, தொனி, அதாவது பொருளையே மாற்றிவிடும் குரல் ஏற்ற இறக்கம்? பலரும் கோட்டை விடுவது அங்கேதான். அதையும் நீங்கள் மனதில் கற்பனை செய்யும் காட்சிக்குள்ளேயே நுழைத்துவிடுங்கள்: சமமான முதல் தொனிக்கு அசையாத நீர்ப்பரப்பு, ஏறும் இரண்டாவதற்கு மேலே ஏறும் சூரியன், இறங்கி எழும் மூன்றாவதற்குக் குனிந்து நிமிர்ந்து கேட்கும் ஆள். அப்புறம் சொற்களை ஆங்கி (Anki) மாதிரி ஒரு நினைவு அட்டைச் செயலியில் போட்டு, நாள் இடைவெளி விட்டு விட்டுப் புரட்டுங்கள், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே.