வெளிநாட்டுக் குடும்பத்தோடு தங்கி, அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஈடாக வேலை செய்வது சரிப்படுமா?

கேள்வி கேட்டவருக்கு 25 வயது. ஜெர்மன் மொழியின் முதல் நிலையான ஏ1 தேர்வு முடித்திருக்கிறார். இரண்டு குழந்தைகள் உள்ள ஒரு ஜெர்மன் குடும்பம் ஓ-பேராக, அதாவது வீட்டிலேயே தங்கிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவராக, வரச் சொல்லியிருக்கிறது. வீட்டில் எல்லோரும் "ஆயா வேலைக்கா அவ்வளவு தூரம் போறே?" என்று கேட்கிறார்களாம். போகலாமா என்கிறார்.

ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் நான் பதினொரு மாதம் இப்படி இருந்தேன். என் அம்மாவும் இதே கேள்வியைத்தான் கேட்டார். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போகலாம். ஆனால் தினமும் உங்கள் வேலை எத்தனை மணிக்கு முடிகிறது என்பது போவதற்கு முன்பே உங்களுக்கும் அவர்களுக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். என் அனுபவத்தில் மற்ற எதைவிடவும் இது முக்கியம்.

ஓ-பேர் பிரெஞ்சுச் சொல். சமமாக இருப்பது என்று பொருள். 1969-இல் ஸ்ட்ராஸ்பூர்கில் உருவான ஐரோப்பிய ஓ-பேர் ஒப்பந்தம், இப்படிப் போகிறவர் மாணவரும் இல்லை, தொழிலாளியும் இல்லை, இரண்டின் தன்மையும் கலந்த தனிவகை என்கிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் ஆறு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஓ-பேர் எங்கே கிளம்புவது? வேலை செய்யும் இடமும் தூங்கும் இடமும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன.

ஜெர்மனியில் இதற்கு விதிகள் உண்டு, அவற்றை மனப்பாடமாக வைத்திருங்கள். ஒரு நாளைக்கு அதிகபட்சம் 6 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரம். இரவு அவர்கள் வெளியே போகும்போது நீங்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் இந்தக் கணக்கில்தான் வரும். வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை, மாதத்தில் ஒரு ஞாயிறாவது முழுதாக உங்களுடையது. வருடத்துக்கு 4 வாரம் விடுப்பு. கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ, மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோ. மருத்துவக் காப்பீட்டுக்கும் குடும்பமே பணம் கட்ட வேண்டும். வீட்டு வேலை என்றால் குழந்தைகளைச் சுற்றிய வேலை: காலை உணவு, அவர்கள் துணி, சமையலறையை ஒழுங்குபடுத்துவது, கிண்டர்கார்டனுக்குக் கூட்டிப்போவது. வீடு முழுக்கத் துடைப்பதும், படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியைப் பார்த்துக்கொள்வதும் இதில் சேராது.

இவ்வளவும் தெரிந்துதான் போனேன். அப்படியும் என் மணிக்கணக்கு கைமீறிப் போனது. அந்தக் குடும்பம் கெட்ட குடும்பம் இல்லை. மிக நல்லவர்கள், அதனாலேயே எனக்கு அது கஷ்டமாக இருந்தது.

ஒப்பந்தப்படி வாரத்தில் ஐந்து நாள் காலை 6.45 முதல் 8.15 வரை, மதியம் 2 முதல் 6 வரை, சனிக்கிழமை மாலை இரண்டரை மணி நேரம். கூட்டினால் சரியாக 30. ஆறு மணிக்குக் குழந்தைகளின் அம்மா வேலையிலிருந்து வருவார், களைத்துப்போய் வருவார். "ஒரு பத்து நிமிஷம் பார்த்துக்கொள்கிறாயா, நான் குளித்துவிட்டு வருகிறேன்" என்பார். யார் மாட்டேன் என்று சொல்வார்கள்? பத்து நிமிஷம் அப்புறம் இரவுச் சாப்பாடு முடியும் வரை நீண்டது. சனிக்கிழமை காலை கதவு தட்டப்படும். சின்னவன் தலையணையோடு நிற்பான், நான் கதவைத் திறப்பேன். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிக் கூட்டிப் பார்த்தேன். 41 மணி நேரம்.

மூன்று நாள் அந்தத் தாளைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். நம்மைச் சொந்தப் பெண் மாதிரி பார்க்கிறவர்களிடம் மணிக்கணக்கு பேசுவதா என்ற கூச்சம். அந்த வீட்டில் எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், 'நீங்கள்' கிடையாது, 'நீ'தான். என்னைவிடப் பதினைந்து வயது மூத்த, குழந்தைகளின் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே எனக்கு ஒரு மாதம் ஆனது. அவரிடம் போய் எப்படிச் சொல்வது? கடைசியில் நான்காம் நாள் இரவு, குழந்தைகள் தூங்கிய பிறகு, சாப்பாட்டு மேசையில் தாளை வைத்தேன். அவர் எடுத்துப் படித்தார். விரலால் ஒவ்வொரு நாளாகத் தொட்டு எண்ணினார். முகம் சிவந்துவிட்டது. "இதை ஏன் முதல் வாரமே சொல்லவில்லை?" என்றார்.

மறுநாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காலண்டர் தொங்கியது. என் நேரம் பச்சைக் கோடு, அவர்கள் நேரம் நீலக் கோடு. ஆறு மணியானால் பெரியவளே "ஃபையர்ஆபெண்ட்!" என்று கத்துவாள். அன்றைய வேலை முடிந்தது என்பதற்கு ஜெர்மானியர் சொல்லும் சொல் அது. அது காதில் விழுந்ததும் மாடிக்குப் போய் என் அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. நான் கேட்கப் பயந்த ஒன்றை, கேட்டால் உடனே தரத் தயாராகத்தான் அவர்கள் இருந்தார்கள்.

எல்லா வீடும் இப்படி இருக்காது. என் மொழி வகுப்பில் வேறொரு நாட்டுப் பெண் இருந்தாள். அவளுக்குக் கொடுத்தது அடித்தளத்தில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து மூலை. வீட்டுச் சாவியும் கொடுக்கவில்லை. சன்னல் உள்ள தனி அறை தர வேண்டும் என்பது விதி. வகுப்பில் ஆசிரியர்தான் அவளுக்கு எடுத்துச் சொன்னார். ஓ-பேர்களை ஏற்பாடு செய்யும் ஏஜென்சி மூலம் அவள் வேறு குடும்பத்துக்கு மாறினாள். மாற முடியும் என்பதையே பலர் தெரிந்துகொள்வதில்லை, விசா போய்விடும் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று பாருங்கள் (எனக்கு இரண்டு வாரம் இருந்தது). புதுக் குடும்பம் கிடைத்ததும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும்.

மொழி விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது, எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான். மாலை வகுப்புக்கு ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே போனேன். அங்கே ஊருக்கு ஊர் இருக்கும் பொதுக்கல்விக்கூடம் அது. வகுப்பு நன்றாக இருந்தது. ஆனால் என் உண்மையான வாத்தியார் நாலு வயசுச் சின்னவன். சொல்லின் ஆண்பால், பெண்பாலைக் காட்டும் முன்சொல்லைத் தப்பாகப் போட்டு "டீ லொஃபெல்" என்று நான் கரண்டி கேட்டால், "டேர் லொஃபெல்" என்று திருத்திவிட்டுத்தான் கையில் கொடுப்பான். பெரியவர்கள் மரியாதைக்குத் தப்பை விட்டுவிடுவார்கள், குழந்தை விடாது. மழைநாளில் அவனுக்கு ரப்பர் பூசிய சேற்றுக் கால்சட்டை மாட்ட வேண்டும். தோள்பட்டியை இழுத்து, கீழ்ப்பட்டியை பூட்ஸுக்கு அடியில் கொண்டுவந்து, அப்புறம் கோட்டு, குல்லா, கையுறை. எல்லாம் முடிந்ததும் ஒன்றுக்குப் போகணும் என்பான். அந்தப் பத்து நிமிஷத்தில் நான் பேசிய ஜெர்மன், ஒரு வாரப் பாடத்துக்குச் சமம். பதினோராம் மாதம் மூன்றாம் நிலையான பி1 தேர்வு எழுதித் தேறினேன்.

உங்கள் வீட்டார் கேட்பதற்கு வருகிறேன். அம்மாவுக்கு நான் பதில் சொல்லி ஜெயிக்கவில்லை. ஒருநாள் வீடியோ காலில் போனைச் சாப்பாட்டு மேசையில் நிறுத்தி வைத்தேன். நானும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையும், அந்த அப்பா எழுந்து எல்லோர் தட்டையும் எடுத்துப்போய்க் கழுவுவதையும் அம்மா பார்த்தார். "அவரே கழுவுறாரா?" என்றார். அதன்பிறகு ஆயா என்ற பேச்சு வரவில்லை. குழந்தை வளர்க்கும் வேலையை நம் வீடுகளில் ஏன் இவ்வளவு தாழ்வாகப் பேசுகிறோம் என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை. அந்தக் குடும்பத்தோடு குறைந்தது மூன்று முறையாவது வீடியோவில் பேசுங்கள், குழந்தைகளும் இருக்கும்போது. உங்களுக்கான அறையைக் காட்டச் சொல்லுங்கள். இதற்கு முன் இருந்த ஓ-பேரின் எண் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் எனக்கு அது நல்ல அறிகுறியாகப் படாது. விசா செலவுக்கு, வக்கீலுக்கு என்று 'குடும்பம்' உங்களிடம் பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடி, அந்த நிமிஷமே பேச்சை நிறுத்துங்கள். விமான டிக்கெட் பெரும்பாலும் நம் செலவுதான், அதை முன்பே ஒதுக்கி வையுங்கள்.

சிலர், சுற்றுலா விசா எடுத்துக்கொண்டு ஏதாவது பண்ணையிலோ வீட்டிலோ தங்கி வேலை செய்யலாமே, அதில் சம்பளமே இல்லையே என்பார்கள். அதை நம்பாதீர்கள். பல நாடுகளில் அறையும் சாப்பாடும் கூலியாகவே கருதப்படும். நியூசிலாந்து வெளிப்படையாகவே அப்படித்தான் சொல்கிறது. விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடவும் கூடும்.

இன்னொன்று, ஜெர்மனியில் ஓ-பேராக ஒரே ஒரு முறைதான் இருக்க முடியும், அதிகபட்சம் ஒரு வருடம். 27 வயது ஆவதற்கு முன்பே விசாவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வந்த முதல் குடும்பத்துக்கே அவசரப்பட்டுச் சரி சொல்ல வேண்டாம். ஒப்பந்தம் கைக்கு வந்ததும் வேலை நேரம் எழுதியிருக்கும் பகுதியை இங்கே பதிலில் போடுங்கள், பெயர் முகவரியை மறைத்துவிட்டு. நான் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.