வாசகர் கேள்வி – பதில்: கலை அருங்காட்சியகத்தின் ஆய்வு நூலகத்தில் நமக்கு இடம் உண்டா?

கேள்வி: நான் ஆய்வு மாணவி அல்ல, ஓவியங்களில் ஆர்வம் உள்ளவள், அவ்வளவே. எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறையாக ஒரு பழைய கோட்டோவியம் இருக்கிறது. வரைந்தவரின் கையெழுத்து எங்கும் இல்லை. கீழ் ஓரத்தில் நகக்கண் அளவில் ஒரு முத்திரை மட்டும் தெரிகிறது. பெரிய கலை அருங்காட்சியகங்களில் ஆய்வு நூலகங்கள் உண்டு என்கிறார்களே, என்னைப் போன்றவர்களை உள்ளே விடுவார்களா? விட்டால், அங்கே போய் என்னவென்று கேட்பது?

பதில்: தாராளமாக விடுவார்கள். "அது பேராசிரியர்களுக்கான இடம்" என்று பலர் தாமாகவே ஒதுங்கிப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தின் தாமஸ் ஜே. வாட்சன் நூலகத்தை 18 வயது நிரம்பிய எவரும் பதிவு செய்துகொண்டு பயன்படுத்தலாம். அதே நகரில் ஹெலன் கிளே ஃபிரிக் 1920-இல் நிறுவிய கலை நூலகமும், லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குள் இயங்கும் தேசியக் கலை நூலகமும் பொதுமக்களுக்காகவே இருப்பவை. விதிகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், முன்பதிவு வேண்டுமா, எந்த அடையாள அட்டை வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நமக்குப் பழக்கமான பொது நூலகத்திலிருந்து இது ஒரு வகையில் வேறுபடும். பெரும்பாலான நூல்கள் வாசகர் கைக்கு எட்டாத உள் அறைகளில் இருக்கும். இணைய நூற்பட்டியலில் தேடி, கோரிக்கை அனுப்பி, வாசிப்பறை மேசைக்கு வரவழைத்துத்தான் படிக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. சில நூல்கள் வேறு கட்டடத்தில் உள்ள கிடங்கிலிருந்து வர ஓரிரு நாள் ஆகலாம். ஆகவே தேடும் வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டு, நூலகத்தில் கிடைக்கும் நேரத்தைப் படிப்பதற்கென்றே வைத்துக்கொள்வது நல்லது.

இனி உங்கள் முத்திரைக்கு வருவோம். கிளம்புவதற்கு முன் தாளின் நீள அகலத்தை, சட்டத்தைச் சேர்க்காமல், மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். முன்புறம், பின்புறம் இரண்டையும் படமெடுங்கள். பின்புறத்தில் பென்சிலில் எழுதிய எண், கிழிந்த சீட்டின் ஒரு மூலை, பழைய பசையின் தடம் என எது தென்பட்டாலும் அதைத் தனியாக அருகிலிருந்து எடுங்கள். முத்திரையின் பக்கத்தில் அளவுகோலை வைத்து ஒரு படம் கட்டாயம் வேண்டும். எந்தச் சீட்டையும் உரிக்காதீர்கள், எதையும் துடைக்காதீர்கள். அழுக்கு என்று நீங்கள் நினைப்பதே துப்பாக இருக்கக்கூடும்.

ஓவியத் தாள்களிலும் அச்சுப்படங்களிலும் சேகரிப்பாளர்கள் இட்ட முத்திரைகளைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தவர் ஃபிரிட்ஸ் லூக்ட் என்ற டச்சுக்காரர். அவருடைய தொகுப்பு 1921-இலும், துணைத் தொகுதி 1956-இலும் வெளிவந்தன. அவர் நிறுவிய கஸ்டோடியா அறக்கட்டளை அதை இப்போது இணையத்தில் இலவசமாகத் தருகிறது. கலை நூல்களில் "எல். 2092" என்பது போன்ற குறிப்பைக் கண்டால் அது லூக்ட் கொடுத்த எண் என்று கொள்ளலாம். அந்த 2092, 17-ஆம் நூற்றாண்டு ஓவியர் பீட்டர் லீலியின் பெயரெழுத்துகளைக் கொண்ட முத்திரை. லீலி 1680-இல் இறந்தார். அவர் சேர்த்து வைத்திருந்த தாள்களை விற்பதற்காக, உயில் நிறைவேற்றுநரான ரோஜர் நார்த் இட்ட முத்திரை அது. ஓவியரின் பெயரெழுத்துகள் இருந்தும், அவற்றை வைத்து அந்தத் தாளை லீலி வரைந்தார் என்று சொல்லிவிட முடியாது; அவரிடம் இருந்தது என்று மட்டுமே சொல்லலாம். உங்கள் முத்திரையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். போலி முத்திரைகளும் உண்டு என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடைமையாளர் பெயர் தெரிந்துவிட்டால், நூலகத்தின் உண்மையான செல்வம் அங்கேதான் திறக்கும். அவருடைய சேகரிப்பு எப்போதாவது ஏலத்துக்கு வந்ததா என்று பாருங்கள். 1600 முதல் 1925 வரையிலான ஏலப் பட்டியல்களையும், அவை எந்தெந்த நூலகங்களில் உள்ளன என்பதையும் லூக்டே நான்கு தொகுதிகளில் வரிசைப்படுத்தியிருக்கிறார். ஏலப் பட்டியலைக் கேட்கும்போது, "கைக்குறிப்பு உள்ள படி (பிரதி) இருக்கிறதா?" என்று மறவாமல் கேளுங்கள். ஏலம் நடந்தபோது அங்கே உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர், ஒவ்வொரு பொருளும் போன விலையையும் வாங்கியவர் பெயரையும் ஓரத்தில் மையால் எழுதி வைத்திருப்பார். அதே பட்டியலின் இன்னொரு படியில் ஓரங்கள் வெறுமையாகக் கிடக்கும். அச்சிட்ட விவரமோ "அமர்ந்திருக்கும் ஆண், பேனா, பழுப்பு மை" என்ற அளவோடு நின்றுவிடும். அப்படிப்பட்ட ஆண்கள் எத்தனையோ பேர் இருக்க, உங்களுடையவரைப் பிரித்தறிய நீங்கள் எடுத்துச் சென்ற அளவுகள்தாம் உதவும். ஆனால் பின்னாளில் ஓரம் வெட்டப்பட்ட தாள் பட்டியலில் உள்ளதைவிடச் சிறியதாக இருக்கலாம்.

கேள்வி: நூலகரிடம் படத்தைக் காட்டினால், அசலா என்பதையும் விலையையும் சொல்வாரா?

பதில்: சொல்ல மாட்டார்; அது அவர் வேலையும் அல்ல. "இது யாருடைய முத்திரை, அவருடைய சேகரிப்பு எப்போது விற்கப்பட்டது?" என்று கேட்டுப் பாருங்கள், ஆர்வத்தோடு உடன் தேடுவார். நூற்பட்டியலில் ஒற்றை வரியாக மட்டும் பதிவாகியிருக்கும் கலைஞர் கோப்புகளைக் காட்டித் தரக்கூடியவரும் அவரே. செய்தித்தாள் நறுக்குகள், கண்காட்சி அழைப்பிதழ்கள், நான்கு பக்கச் சிற்றேடுகள் எல்லாம் அந்த உறைகளில் கிடக்கும். தனி நூல் எழுதப்படாத கலைஞர் ஒருவரைப் பற்றி எஞ்சியிருப்பது சில சமயம் அந்த ஓர் உறை மட்டும்தான்.

கேள்வி: நேரில் போக முடியாதவர்கள் என்ன செய்வது?

பதில்: அமெரிக்காவின் கெட்டி ஆய்வு நிறுவனம் 2012-இல் தொடங்கிய இணைய ஆய்வுத் தளத்தில், பல நூலகங்கள் மின்படியாக்கிய கலை வரலாற்று நூல்களை ஒரே இடத்தில் தேடலாம், கட்டணம் இல்லை. அதே நிறுவனத்தின் உடைமை வரலாற்றுத் தரவுத்தளத்தில் பழைய ஏலப் பட்டியல்களின் விவரங்களைப் பெயர் கொடுத்துத் தேடலாம். அதன் பிறகும் ஒரு குறிப்பிட்ட பக்கம் தேவைப்பட்டால் நூலகருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். பதிப்புரிமை இடம் கொடுக்கும் அளவுக்குப் படி எடுத்து அனுப்பும் நூலகங்கள் இருக்கின்றன.

கேள்வி: வாசிப்பறையில் கையுறை போட்டுக்கொள்ள வேண்டுமா?

பதில்: புகைப்படங்களுக்குப் பெரும்பாலும் வேண்டும். பழைய தாளுக்குக் கழுவி உலர்த்திய வெறுங்கையே நல்லது. உறை போட்ட விரல் தாளின் மென்மையை உணராமல் கிழித்துவிடும். பேனாவுக்கு அனுமதி இருக்காது, பென்சில் கொண்டுபோங்கள். குறிப்பெடுக்கும்போது நூலின் பெயரோடும் பக்கத்தோடும், கையிலிருக்கும் அந்தப் படியின் நூலக எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். ஓரத்தில் மையால் எழுதிய அந்த விலை வேறு படிகளில் இல்லாமல் போகலாம்.