புரூஸ் போச்சி: ஓரமாக உட்கார்ந்திருந்த கேட்சர் நான்கு கோப்பை வென்ற மேனேஜர் ஆனது எப்படி?

கேள்வி: ஆட்டக்காரராகப் பெரிதாக எதுவும் சாதிக்காத புரூஸ் போச்சி மேனேஜராக எப்படி ஜெயித்தார்? பேஸ்பாலில் மேனேஜருக்கு அப்படி என்னதான் வேலை?

போச்சி என்ற பெயர் தமிழ்க் காதுக்குக் கொஞ்சம் அபசகுனம்தான். ஆனால் அமெரிக்க பேஸ்பாலின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை நான்கு முறையாவது வென்ற மேனேஜர்கள், அதாவது அணியை நடத்தும் தலைமைப் பயிற்சியாளர்கள், இதுவரை ஆறே பேர். அவர்களில் இவர் ஒருவர். 2010, 2012, 2014இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ், 2023இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ்.

ஆட்டக்காரராக ஹூஸ்டன், மெட்ஸ், சான் டியேகோ என்று 1978 முதல் 1987 வரை ஒன்பது சீசன். ஒரு சீசனுக்கு ஒரு அணி 162 ஆட்டம் ஆடும். இவர் மொத்தமாக இறங்கியதே 358 ஆட்டம்தான். பேட்டிங் சராசரி .239 (ஆயிரம் வாய்ப்பில் 239 முறை பந்தை அடித்து அவுட்டாகாமல் பேஸை எட்டும் கணக்கு; அப்படி எட்டுவதுதான் ஹிட்), ஹோம் ரன், அதாவது நம் சிக்ஸர் மாதிரி, 26. மிச்ச நாளெல்லாம் பெஞ்சு.

அந்தப் பெஞ்சுதான் பள்ளிக்கூடம் என்பேன். களத்தில் மற்ற எட்டுப் பேரையும் நேருக்கு நேர் பார்த்து நிற்பவர் கேட்சர் ஒருவர்தான். ஒவ்வொரு பந்துக்கும் என்ன போடலாம் என்று பந்து வீசும் பிட்சருக்குப் போச்சி ஆடிய காலத்தில் விரலால் சைகை காட்டியதும் அவரே. பிட்சர் களைத்துவிட்டார் என்பது முதலில் தெரிவது அவருடைய கையுறைக்கு: முழங்கால் உயரத்துக்குக் கேட்ட பந்து பெல்ட் உயரத்தில் வந்து விழும். நம் ஊர் விக்கெட் கீப்பரைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பொறுப்பு இன்னும் அதிகம். ஓய்வுக்குப் பின் போச்சி நேராகப் பெரிய நாற்காலிக்குப் போய்விடவில்லை. 1989இல் ஸ்போக்கேனில் தொடங்கி நான்கு வருஷம் மைனர் லீக் எனும் கீழ்நிலை அணிகளை நடத்தினார். அடுத்த இரண்டு வருஷம் சான் டியேகோவில் கோச். 1995இல்தான் அங்கே மேனேஜர்.

இனி வேலைக்கு வருவோம். ஆட்டம் தொடங்கிய பிறகு மேனேஜரின் தலைவலி பெரும்பாலும் ஒன்றே ஒன்று: பிட்சரை எப்போது மாற்றுவது? வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. ஒரே பேட்டிங் வரிசையை மூன்றாம் முறை சந்திக்கும்போது பிட்சர் அடிவாங்குவது சகஜம், ஏனென்றால் அவருடைய பந்துகளை எதிரணி இரண்டு சுற்று பார்த்துவிட்டது. அதற்காகக் கடைசி நிமிஷத்தில் ஆள் அனுப்பவும் முடியாது. புல்பென்னில், அதாவது மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் இடத்தில், கை சூடாகச் சில நிமிஷமாவது வேண்டும். பிட்சர் நின்று வீசும் மேட்டுக்கு வந்தபின் பழகிப்பார்க்கக் கிடைப்பது சில பந்துதான். ஆகவே இரண்டு பேட்டர் முன்னதாகவே ஃபோன் போயிருக்க வேண்டும். எழுப்பிவிட்டுப் பயன்படுத்தாமல் உட்காரவைத்தாலும் செலவுதான்: ஸ்கோர் கார்டில் ஒன்றும் ஏறாது, தோள் மட்டும் தேயும். இதே ஆளை இரண்டு நாள் தொடர்ந்து இப்படிச் செய்தால், மூன்றாம் நாள் அவர் பந்தில் வேகம் இருக்காது.

போச்சியின் கை ஓங்கியது இங்கேதான். 2010இல் பிலடெல்பியாவுக்கு எதிராக, உலகத் தொடருக்கு முந்தைய லீக் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். தொடக்க பிட்சர் ஜோனதன் சான்செஸ் தடுமாறியதும், ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில் மூன்றாம் இன்னிங்ஸிலேயே வெளியே அழைத்தார். அஃபெல்ட், பம்கார்னர், லோபெஸ், லின்சிகம், வில்சன் என்று ஐந்து பேரை வைத்து மீதியை ஓட்டினார். எதிரணிக்கு அதன்பின் ஒரு ரன்கூட இல்லை. 3-2. 2014 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் அவர் எடுத்தது நேர்மாறான தீர்மானம். இரண்டே நாள் ஓய்வில் இருந்த பம்கார்னரை ஐந்தாவது இன்னிங்ஸில் இறக்கினார். முதல் பேட்டரே ஹிட் அடித்தார், போச்சி அசையவில்லை. அதற்குப்பின் 14 பேர் வரிசையாக அவுட். கடைசிவரை ஆளை மாற்றாமல் 68 பந்து போடவிட்டார். அதுவும் 3-2.

சறுக்கல் இல்லாமலா? 2016இல் சிகாகோ கப்ஸுக்கு எதிராக 5-2 என்று முன்னிலை, ஒரே ஒரு இன்னிங்ஸ் பாக்கி. 120 பந்து போட்டுவிட்ட மேட் மூரை நிறுத்தியது நியாயம்தான். ஆனால் அடுத்து வந்த மூன்று பிட்சரும் ஆளுக்கு ஒரே பேட்டரைச் சந்தித்து, ஒருவரையும் அவுட்டாக்காமல் திரும்பினார்கள். மொத்தம் ஐந்து பிட்சர், நான்கு ரன், 6-5 தோல்வி, அந்த ஆண்டுக்கு மூட்டைகட்டல். பேட்டருக்கு ஏற்ப இடக்கை, வலக்கை என்று மாற்றுவது கணக்குப்படி சரி; ஆனால் அந்த வருஷம் முழுக்க நம்பமுடியாத புல்பென்னில், ஒருவரையாவது நிலைகொள்ள விட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

2020இல் விதியே மாறிவிட்டது: வருகிற பிட்சர் குறைந்தது மூன்று பேட்டரைச் சந்திக்க வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும். லோபெஸைப் போல ஒரு பேட்டருக்கென்றே வைத்திருந்த இடக்கைக்காரர்களுக்கு வேலை இல்லை. போச்சியின் பழைய வித்தை இதோடு தீர்ந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. 2023இல் அவர் வந்து சேர்ந்த ரேஞ்சர்ஸ் அதற்கு முந்தைய வருஷம் 94 ஆட்டம் தோற்ற அணி. அந்த ஆண்டு உலகத் தொடரில், அரிசோனாவுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் அவர் பயன்படுத்தியது மூன்றே பிட்சர்: இயோவால்டி ஆறு இன்னிங்ஸ், நடுவில் கொஞ்சம் சாப்மன், கடைசி ஏழு அவுட்டும் ஜாஷ் ஸ்போர்ஸ். 5-0.