பராமரிப்புப் பணம் எங்களுடையது, கடவுச்சொல் அவர்களுடையதா?

கேள்வி: வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அருகே 22 அறைகள் கொண்ட விடுதி நடத்துகிறோம். இரண்டு கணினிகள், மாடிதோறும் வைஃபை, கேமராக்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டு, முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டிவிட்டோம். வரவேற்பறைக் கணினியின் ஹார்ட் டிஸ்க் பழுதானபோது, உதிரி பாகம் ஒப்பந்தத்தில் வராது என்று சொல்லிவிட்டார்கள். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் ரவுட்டர், கேமரா இரண்டின் கடவுச்சொற்களையும் தர மறுக்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: ஒப்பந்தத் தாளின் பின்பக்கத்தை முதலில் படித்துப் பாருங்கள். ஏ.எம்.சி. என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு வகை உண்டு. உதிரி பாகங்களையும் சேர்த்துப் பொறுப்பேற்பது காம்ப்ரிஹென்சிவ். ஆள் வந்து பார்த்துச் சரிசெய்யும் கூலியை மட்டும் உள்ளடக்கியது நான்-காம்ப்ரிஹென்சிவ். உங்கள் தாளில் இரண்டாவது வகை எழுதப்பட்டிருந்தால், ஹார்ட் டிஸ்க்குக்குத் தனியே பணம் கேட்பதைக் குறை சொல்ல முடியாது. முதல் வகையிலும்கூட யு.பி.எஸ். பேட்டரி, பிரிண்டர் டோனர் போன்றவற்றை விலக்கி வைப்பதுதான் வழக்கம். உத்தரவாதத்தில் புதிய ஹார்ட் டிஸ்க் கிடைத்தாலும் அது காலியாகத்தான் வரும். பழையதில் இருந்த கணக்குகளை மீட்டுத் தரும் பொறுப்பை, எழுத்தில் வாங்கியிருந்தாலொழிய, யாரும் ஏற்க மாட்டார்கள்.

கடவுச்சொல் விவகாரம் வேறு. கருவிகளின் பில் உங்கள் பெயரில் இருக்கும்போது, அவற்றின் கடவுச்சொல்லைப் பிணையாக வைத்துக்கொள்ள அவர்களுக்கு எந்த நியாயமும் இல்லை. பட்டியலிட்டு, நாள் குறித்து, பதிவுத் தபாலில் கேளுங்கள். அதற்குள் பொறுமை இழந்து, ரவுட்டரின் பின்னால் உள்ள ரீசெட் துளையில் குண்டூசியை விட்டு அழுத்திவிடாதீர்கள். பழைய கடவுச்சொல்லோடு இணைய நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் அழிந்து, விடுதி முழுவதும் இணையம் இல்லாமல் நிற்கும். இணைய இணைப்பு யார் பெயரில், யாருடைய கைபேசி எண்ணில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பராமரிப்பவர் தன் எண்ணையே கொடுத்து வைத்திருப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். அதை உங்கள் எண்ணுக்கு மாற்றி, பயனர் விவரங்களை நிறுவனத்திடமிருந்து நேரடியாகப் பெற்ற பிறகு ரீசெட் செய்யலாம். கேமராப் பதிவுக் கருவிக்கு, பில்லுடன் அதன் உற்பத்தியாளரின் சேவை மையத்தை அணுக வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்: கடவுச்சொல் மாறும் வரை, உங்கள் நடைக்கூடத்தை அவர்கள் தங்கள் கைபேசியிலேயே பார்த்துக்கொண்டிருக்க முடியும்.

இனி வழக்கு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோர் என்று ஏற்பதில்லை. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. தனி ஆளாக ஜெராக்ஸ் கடை நடத்துபவர் அந்த விலக்கைக் கோரலாம். ஆட்களை வைத்து 22 அறைகள் நடத்தும் உங்களுக்கு அது கிடைப்பது கடினம் என்பதே என் கருத்து. விலக்குக்குள் வருகிறவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் அளிக்க வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. உங்களுக்கு எஞ்சியிருப்பது வழக்கறிஞர் அறிவிப்பும் சிவில் வழக்கும். பெரும்பாலும் அறிவிப்பிலேயே கடவுச்சொல் வந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வங்காளம், ஜார்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ வந்து தங்கும் நோயாளிக் குடும்பங்களின் ஆதார், பாஸ்போர்ட் நகல்கள் உங்கள் வரவேற்பறைக் கணினியில் குவிந்திருக்கும். அந்தக் கணினியும் விருந்தினர்களின் கைபேசிகளும் ஒரே வைஃபையில் இருக்கக் கூடாது. விருந்தினர்களுக்கென்று தனி வைஃபை பிரித்துத் தரும் கெஸ்ட் நெட்வொர்க் வசதி இன்றைய ரவுட்டர்கள் பலவற்றில் இருக்கிறது. புதிதாகப் பராமரிக்க வருபவரிடம் முதல் வேலையாக அதை அமைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் செய்கிறோம். ஒரு நாள் காலையில் டாலி கணக்கு மென்பொருளைத் திறந்தால், கோப்புகளின் பெயர்களெல்லாம் மாறி, பணம் கேட்டு ஓர் ஆங்கிலக் குறிப்பு இருந்தது. எப்போதும் செருகியே வைத்திருந்த பென்டிரைவில் உள்ள நகலும் அப்படியே ஆகிவிட்டது. பணம் கொடுத்தால் மீட்டுத் தருவதாகக் கணினிக் கடைக்காரர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: வந்திருப்பது ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கும் சாவிக்குப் பணம் கேட்கும் தீய மென்பொருள். கடைக்காரர் கேட்கும் பணம் அவருடைய வேலைக்கா, அல்லது மிரட்டியவனுக்கே கொடுத்துச் சாவி வாங்கித் தருவதற்கா என்று நேரடியாகக் கேளுங்கள். பல இடங்களில் நடப்பது இரண்டாவது. பணம் கொடுத்தாலும் சாவி வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, ஃபார்மேட் செய்யாமல் வையுங்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் பிறரும் 2016-இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் பூட்டப்பட்ட கோப்பு ஒன்றையும் மிரட்டல் குறிப்பையும் பதிவேற்றினால், அந்த வகைக்கு இலவசச் சாவி இருக்கிறதா என்று தெரியும். இப்போது இல்லாவிட்டாலும் பின்னர் வரக்கூடும் என்பதால், பூட்டப்பட்ட டிஸ்க்கை அப்படியே எடுத்து வைத்துவிட்டு வேறொன்றில் வேலையைத் தொடங்குங்கள். தாக்கல் செய்த விற்பனை விவரங்கள் ஜி.எஸ்.டி. தளத்தில் இருக்கும், கொள்முதலில் பெரும்பகுதி, உங்களுக்கு விற்றவர்கள் தாக்கல் செய்ததிலிருந்து அந்தத் தளமே தயாரிக்கும் 2பி அறிக்கையில் இருக்கும். வங்கிக் கணக்கு அறிக்கையையும் சேர்த்துக்கொண்டால், உங்கள் கணக்காளர் ஆண்டுக் கணக்கின் பெரும்பகுதியைத் திரும்ப எழுதிவிடலாம். சலிப்பூட்டும் வேலைதான், ஆனாலும் மிரட்டியவனுக்குப் பணம் அனுப்புவதைவிட நிச்சயமானது. வீட்டிலிருந்து டாலி பார்ப்பதற்காக யாராவது, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிட்டிருந்தால், திருடன் வந்த வழி அதுவாகவே இருக்கலாம். அதை அடைக்காமல் புதிய கணினியை இணைக்காதீர்கள். உரிமம் வாங்காமல், பூட்டை உடைத்துத் தரும் கிராக் டாலி வைத்திருந்தீர்களானால் அதுவும் ஒரு வழி. பென்டிரைவோ வெளி ஹார்ட் டிஸ்க்கோ, நகல் எடுத்து முடித்ததும் கழற்றிப் பீரோவில் வைத்தால்தான் அது நகல்.

கேள்வி: ராணிப்பேட்டையில் சிறிய தோல் பட்டறை வைத்திருக்கிறேன். ரசாயனம் அனுப்புபவரின் மின்னஞ்சலிலிருந்தே வங்கிக் கணக்கு மாறிவிட்டதாகக் கடிதம் வந்தது. நேற்று அந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பினேன். அது அவர்கள் கணக்கே இல்லை என்று இன்று தெரிகிறது. என்ன செய்வது?

பதில்: இதைப் படித்து முடிப்பதற்கு முன் 1930 என்ற இணைய நிதி மோசடிப் புகார் எண்ணை அழையுங்கள், உங்கள் வங்கிக் கிளைக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் திரும்பக் கிடைக்கும். சரக்கு அனுப்பியவர் மீண்டும் பணம் கேட்பார். திருடனுக்குக் கொடுத்தது அவருக்குக் கொடுத்ததாகப் பொதுவாகக் கருதப்படாது. ஆனால் உடைக்கப்பட்டது அவருடைய அஞ்சல் பெட்டி என்றால், நட்டத்தைப் பங்கிடுமாறு பேச உங்களுக்கு இடம் இருக்கிறது. ஆகவே அந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள். முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஓர் எழுத்து மட்டும் மாறியிருப்பது இத்தகைய மோசடிகளில் வாடிக்கை.

கேள்வி: விண்டோஸ் 10 காலாவதியாகிவிட்டது, ஆறு கணினிகளையும் மாற்ற வேண்டும் என்கிறார் விற்பனையாளர். ஆற்காட்டில் அச்சகம் நடத்தும் எங்களுக்கு அவ்வளவு முதல் இல்லை.

பதில்: 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்தது உண்மை, ஆறையும் மாற்ற வேண்டும் என்பது அவசியம் இல்லை. மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஒவ்வொன்றிலும் ஓட்டிப் பாருங்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், பிராசசர் இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருந்தால், விண்டோஸ் 11-க்குக் கட்டணமின்றி மாறலாம். தேறாதவற்றில், இணையம் தேவைப்படாத ஒன்றை அச்சு இயந்திரத்துக்கு மட்டும் இணைத்து, நெட் கேபிள் இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். பில், மின்னஞ்சல், வங்கி ஆகிய வேலைகள் நடக்கும் கணினியை மட்டும் முதலில் வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்கு விண்டோஸ் சாவி போட்டுத் தருகிறேன் என்பவரிடம் வாங்க வேண்டாம்.